கம்பி கட்டியவர்கள் கலைந்து போன பிறகு

அணுமின் நிலையம் கட்டுவதில் எது கஷ்டம் என்று கேட்டால் பெரும்பாலோர் கதிர்வீச்சு என்பார்கள். கட்டுமானத்தில் தரக் கட்டுப்பாட்டு இன்ஜினீயராக வேலை பார்த்த நான் சொல்வது வேறு. விட்டு விட்டுக் கட்டுவதுதான் நம்மைக் கெடுக்கிறது. ஓர் உலையை முடித்துவிட்டுப் பல வருஷம் சும்மா இருக்கிறோம், அப்புறம் அடுத்ததை ஆரம்பிக்கிறோம். அதற்குள் வேலை தெரிந்த ஆட்கள் ஆளுக்கொரு திசையில் போய்விடுகிறார்கள்.

உலைக் கட்டடத்துக்குக் கான்கிரீட் போடுவதற்கு முன் போர் கார்டு (pour card) என்று கான்கிரீட் ஊற்றுவதற்கான ஓர் அனுமதித் தாள் சுற்றுக்கு வரும். கம்பி, ஷட்டரிங் எனும் அச்சுப் பலகை, சுவருக்குள் புதைகிற இரும்புத் தகடுகள், குழாய்கள், சர்வே அளவு என ஒவ்வொன்றையும் சரிபார்த்தவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கையெழுத்து குறைந்தாலும் கலவை தயாரிக்கும் பேட்சிங் பிளான்ட் ஓடாது. தகடு சில மில்லிமீட்டர் நகர்ந்திருந்தால்கூட வேலை நிற்கும், ஏனென்றால் குழாய்களைத் தாங்கும் சட்டங்களைப் பின்னால் அதில்தான் வெல்டு செய்வார்கள். தடிமனான கான்கிரீட் இறுகும்போது உள்ளே சூடு ஏறி விரிசல் விடும். அதனால் கலவைத் தண்ணீரில் ஒரு பங்கை ஐஸாகவே போடுவோம். பெரும்பாலும் சாயங்காலம் தொடங்கி விடிய விடிய வேலை நடக்கும். லாரி வந்ததும் கலவையில் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்ப்பேன். குறித்த அளவைத் தாண்டியிருந்தால் டிரைவர் என்ன சத்தம் போட்டாலும் அந்த லோடு திரும்பித்தான் போகும்.

இதற்கெல்லாம் நடுவில் நெருக்கிக் கட்டிய கம்பிகளுக்குள் கலவையை அதிரவைத்து இடைவெளி இல்லாமல் நிரப்பும் வைப்ரேட்டர் ஊசி இறங்க வேண்டும். எங்களிடம் இருந்த மேஸ்திரி ஒருவர், கம்பி கட்டும்போதே, "சார், இந்த மூலையில ஊசி இறங்காது. இப்பவே வழி விட்டுக் கட்டிருவோம்" என்பார். முந்தைய திட்டம் ஒன்றில் அதே மாதிரி மூலையில் ஷட்டரிங்கைப் பிரித்தபோது ஹனிகோம்ப், அதாவது தேன்கூடு மாதிரிப் பொந்துகள், விழுந்திருந்ததையும், அதைக் கொத்தி எடுத்துச் சரிசெய்யப் பட்ட பாட்டையும் பார்த்தவர் அவர். வரைபடத்தில் இந்த அறிவு இருக்காது. எங்கள் வேலை முடிந்தபோது அடுத்த உலைக்கான அனுமதி வரவில்லை. அவர் ஒரு மெட்ரோ ரயில் வேலைக்குப் போனார், அவருடைய ஆட்களில் பாதிப் பேர் வளைகுடாவுக்குப் போனார்கள். சில வருஷம் கழித்துப் புதிய குழு வந்தது. அதே மாதிரி மூலையில் அவர்களும் முதலிலிருந்துதான் கற்றுக்கொண்டார்கள்.

நம் நாட்டுக் கணக்கே இதைச் சொல்கிறது. மகாராஷ்டிராவில் தாராப்பூரின் நான்காவது உலைக்கு 2000 மார்ச்சில் முதல் கான்கிரீட் விழுந்தது, 2005 மார்ச்சில் உலைக்குள் அணுப்பிளவுத் தொடர்வினை தொடங்கியது. ஐந்தே வருஷம். குஜராத்தில் காக்ராபாரின் மூன்றாவது உலைக்கு 2010 நவம்பரில் கான்கிரீட் போட்டார்கள், தொடர்வினை 2020 ஜூலையில்தான் தொடங்கியது. வணிக உற்பத்திக்கு 2023 ஜூன் ஆகிவிட்டது. அது 700 மெகாவாட் வகையில் முதலாவது, ஜப்பானின் ஃபுகுஷிமா அணு விபத்துக்குப் பிறகு வந்த மறு ஆய்வுகளும் சேர்ந்துகொண்டன என்பது நியாயமான பதில்தான். ஆனால் முதல் உலையில் பட்ட கஷ்டம் அடுத்த பத்தில் லாபமாகத் திரும்ப வேண்டுமானால் அந்தப் பத்தும் தொடர்ச்சியாக வர வேண்டும். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் வோக்டில் 3, 4 உலைகளுக்கு 1,400 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள், முடிந்தபோது 3,000 கோடியைத் தாண்டியிருந்தது. பல பத்தாண்டு இடைவெளிக்குப் பிறகு, பழகிய ஆட்கள் இல்லாமல், புது வடிவத்தில் கட்டியதற்கான விலை அது. ஐக்கிய அரபு அமீரகத்தின் பராக்காவில் கொரியர்கள் ஒரே வடிவில் நான்கை அடுத்தடுத்துக் கட்டினார்கள். 2012இல் தொடங்கி 2024க்குள் நான்குமே ஓடின.

தாமதம் என்றால் வட்டி. 8 சதவீதத்தில் வாங்கிய 100 ரூபாய் 6 வருஷத்தில் 159 ஆகும், 12 வருஷத்தில் 252. பணம் மொத்தமும் முதல் நாளே இறங்குவதில்லை, ஆனாலும் போக்கு இதுதான். அணு மின்சாரம் விலை அதிகம் என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த விலையில் கணிசமான பங்கு காத்திருந்ததற்கான வட்டி என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் கட்ட வேண்டும்? 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. காற்றாலையில் முன்னணியில் இருக்கும் மாநிலம்தான் இது, ஆனால் காற்று வீசுவது முக்கியமாக மே முதல் செப்டம்பர் வரை. பிப்ரவரி ராத்திரியில் காற்றும் இல்லை, வெயிலும் இல்லை. அந்த நேரத்துச் சுமையை நாடு முழுக்க நிலக்கரிதான் தாங்குகிறது. முழுத் திறனில் ஓடும் 1,000 மெகாவாட் உலை ஒன்று நாளுக்கு 2.4 கோடி யூனிட் தருகிறது. அதை நிலக்கரியில் எடுக்க தினமும் சுமார் நாலு சரக்கு ரயில் வேண்டும். கூடங்குளம் உலைக்குள் மொத்தமே 163 எரிபொருள் கட்டுகள்தான், அதிலும் ஒரு பங்கைத்தான் ஒவ்வொரு முறையும் மாற்றுகிறார்கள். சூரிய ஒளியும் காற்றும் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். அவை இல்லாத நேரத்துக்கு நிலக்கரியைத் தவிர வேறொன்று வேண்டும் என்கிறேன்.

பயத்தை அறியாமை என்று தள்ளிவிடுபவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஃபுகுஷிமா நடந்த 2011க்குப் பிறகு கூடங்குளம் நிலையத்தை எதிர்த்து இடிந்தகரையில் கூடியவர்களுக்கு வாழ்வு கடலில்தான். அவர்களில் ஆயிரக்கணக்கானோர் மீது தேசத் துரோக வழக்குப் போட்டது அநியாயம். நிலையம் இயங்கலாம் என்று 2013 மே மாதம் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமே வழக்குகளைத் திரும்பப் பெற முயலும்படி சொன்னது. அந்தப் பக்கத்து மீனவர் ஒருவரிடம் பின்னாளில் பேசினேன். "தம்பி, சுடுதண்ணிய கடல்ல விடுதாங்கள்லா, மீனு தள்ளிப் போச்சுன்னா எங்க வயித்துக்கு என்ன வழி?" என்றார். கடல் நீரைவிட 7 டிகிரிக்கு மேல் கூடக் கூடாது என்பது விதி, அளக்கிறார்கள் அண்ணாச்சி என்றேன். "அளந்தத எங்க ஊர்ல எழுதி ஒட்டச் சொல்லுங்க. நாங்களும் தெனம் பாத்துக்கிடுதோம்" என்றார். நான் லாரிக்கு லாரி செய்த பரிசோதனையைத்தான் அவரும் கேட்கிறார். வெப்பநிலை, கதிர்வீச்சு அளவு, பழுதுக்கு நின்ற நாள், எரிந்த எரிபொருளை வைக்கும் இடம் எல்லாமே அக்கம்பக்கத்து ஊர்களுக்குத் தமிழில், கேட்காமலே போய்ச் சேர வேண்டும்.

சட்டமும் ஒரு தடையாகத்தான் இருந்தது. 2010இன் அணு விபத்து இழப்பீட்டுச் சட்டம், விபத்துக்குக் குறைபாடுள்ள கருவி காரணமென்றால் அதை விற்றவரிடமும் பணம் கேட்க இடம் கொடுத்தது. வெளிநாட்டு நிறுவனங்கள் தயங்கின. அதே ஆண்டு பிரெஞ்சு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்ட மகாராஷ்டிராவின் ஜெய்தாப்பூர் அணுமின் திட்டம் பல வருஷம் காகிதத்திலேயே கிடந்தது. 2025 டிசம்பரில் வந்த புதிய சட்டம் அந்தப் பிரிவை எடுத்துவிட்டு, தனியாருக்கும் கதவைத் திறந்தது. வேகம் வேண்டும் என்பவன்தான் நான். ஆனாலும் போபாலைப் பார்த்த நாட்டில் விற்றவரின் பொறுப்பைக் குறைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. தப்பு கான்கிரீட்டில் என்றால் போர் கார்டில் யார் கையெழுத்து என்று தேடிப் பிடிக்கிறோம். பம்பை விற்றவருக்கு மட்டும் என்ன விதிவிலக்கு?

2017இல் மத்திய அரசு 700 மெகாவாட் உலைகள் பத்துக்கு, சுமார் 1,05,000 கோடி ரூபாயில், ஒரே வீச்சில் ஒப்புதல் கொடுத்தது. கர்நாடகாவின் கைகா, ஹரியானாவின் கோரக்பூர், மத்தியப் பிரதேசத்தின் சுட்கா, ராஜஸ்தானின் மாஹி பான்ஸ்வாரா ஆகிய நான்கு இடங்கள், ஒரே வடிவம். நான் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன வாய்ப்பு இதுதான். ஒப்பந்தங்களை இடத்துக்கு ஒன்றாகப் பிரித்துப் போட்டுவிட்டு, முடிந்ததும் ஆட்களைக் கலைத்துவிட்டால் பத்து உலையையும் பத்து முறை முதலிலிருந்து கற்போம். கைகாவில் தேர்ந்த வெல்டரையும் கம்பி கட்டுபவரையும் குடும்பத்தோடு அடுத்த தளத்துக்குக் கூட்டிப்போகும் செலவையும், இடையில் வேலை இல்லாத மாதங்களுக்கான சம்பளத்தையும் டெண்டரிலேயே ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். ஓர் உலை ஒரு வருஷம் தாமதமானால் கட்டும் வட்டியோடு ஒப்பிட்டால் அது சின்னத் தொகை.