ஃபாண்ட் பாட்டிலை குப்பைத்தொட்டிக்குள்ள போடாதீங்க

ஜெர்மனிக்கு படிக்க வர்ற நம்ம பசங்க வந்த முதல் வாரமே கேக்குறது இதுதான், "அக்கா, தண்ணி பாட்டிலுக்கு ஒரு விலை போட்டிருக்கான், பில்லுல பாத்தா 25 சென்ட் கூட வருதே, ஏமாத்திட்டானா?" ஏமாத்தல. அது ஃபாண்ட், அதாவது டெபாசிட் காசு. குடிச்சு முடிச்சுட்டு காலி பாட்டிலையோ கேனையோ சூப்பர் மார்க்கெட்ல இருக்குற மெஷின்ல போட்டா அந்த 25 சென்ட் அப்படியே திரும்ப வந்துரும். கொஞ்ச வருஷம் முன்னாடி வரைக்கும் மலிவு கடைங்கள்ல ஒன்றரை லிட்டர் தண்ணி 19 சென்ட்தான், உள்ள இருக்குற தண்ணிய விட காலி பாட்டிலுக்கு மதிப்பு ஜாஸ்தி. இந்த ஒரு விஷயத்துலயே இந்த முறை ஏன் ஓடுதுன்னு பாதி புரிஞ்சிரும்.

மெஷின்ல பெருசா கத்துக்க ஒண்ணுமில்ல. வட்டமா ஒரு ஓட்டை, பாட்டிலை படுக்க வச்சு அடிப்பக்கம் முன்னாடி போற மாதிரி விட்டா பெல்ட் உள்ள இழுத்துக்கும், உள்ள போய் ஒரு சுத்து சுத்தும், பார்கோடையும் பக்கத்துல இருக்குற பாட்டில், கேன், வளைஞ்ச அம்பு போட்ட சின்ன குறியையும் மெஷின் தேடிப் படிக்கும், ஸ்க்ரீன்ல 0,25னு ஏறும், உடனே பின்னாடி நறநறன்னு நசுங்குற சத்தம் கேக்கும். நசுக்கிறது எதுக்குன்னா ஒரே பாட்டிலுக்கு ரெண்டாவது தடவை யாரும் காசு வாங்கிறக் கூடாது. அதனால நீங்க வீட்லயே இடத்தை அடைக்குதுன்னு மிதிச்சு தட்டையாக்கி எடுத்துட்டு போகாதீங்க, லேபிளையும் கிழிக்காதீங்க, குறி படிக்க முடியலைன்னா மெஷின் வெளிய தள்ளிரும். பக்கத்து நாட்டுல இருந்து கொண்டு வர்ற பாட்டில்ல அந்தக் குறி இருக்காது, அதுவும் போகாது. ஒயின் பாட்டிலுக்கும் பொதுவா ஃபாண்ட் கிடையாது, அது தெருவுல நிறம் பிரிச்சு வச்சிருக்கிற கண்ணாடித் தொட்டிக்குத்தான். கடைசில பட்டனை அமுக்கினா ஒரு ரசீது வரும், அதை கேஷ் கவுன்டர்ல குடுத்து காசாவும் வாங்கலாம், வாங்குற சாமான் பில்லுலயும் கழிச்சுக்கலாம். ஞாயித்துக்கிழமை கடை எல்லாம் மூடியிருக்கும், அதனால சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் நீல நிறப் பையில பாட்டிலை ரொப்பிக்கிட்டு வந்து நிப்பாங்க, முடிஞ்சா வார நடுவுல போங்க.

இது ஒரே நாள்ல வந்ததில்ல. 1991ல வந்த பேக்கேஜிங் சட்டத்துலயே எழுதி வச்சுட்டாங்க, கழுவித் திரும்ப நிரப்புற பாட்டில்களோட பங்கு 72 சதவீதத்துக்கு கீழ போச்சுன்னா தூக்கிப்போடுற பாட்டில், கேன் மேல கட்டாய டெபாசிட் வரும்னு. கீழதான் போச்சு. யூர்கன் ட்ரிட்டின் சுற்றுச்சூழல் அமைச்சரா இருந்தப்போ 2003 ஜனவரி 1ல அமலுக்கு வந்துச்சு, அதுக்கு முன்னாடி பெரிய கடைங்களும் பானக் கம்பெனிங்களும் கோர்ட் கோர்ட்டா ஏறி இறங்கினாங்க. வந்த பிறகும் மொதல்ல ரொம்ப குழப்பம், வாங்கின கடைலதான் திருப்பிக் குடுக்கணும், ஒரு கடை பாட்டிலை இன்னொரு கடைக்காரன் தொட மாட்டான். 2006 மே மாசத்துல இருந்துதான் கேன் விக்கிறவன் எந்தக் கேனா இருந்தாலும் வாங்கணும், பிளாஸ்டிக் பாட்டில் விக்கிறவன் எந்த பிளாஸ்டிக் ஃபாண்ட் பாட்டிலையும் வாங்கணும்னு ஆச்சு. 200 சதுர மீட்டருக்கு கம்மியான சின்ன கடைக்கு மட்டும் சலுகை, அவங்க விக்கிற பிராண்டை மட்டும் வாங்கினா போதும். என்னைக் கேட்டா இந்தத் திட்டத்துக்கு உயிர் குடுத்ததே இந்த 2006 மாத்தம்தான். 2022ல பிளாஸ்டிக் ஜூஸ் பாட்டிலும் எல்லா கேனும் உள்ள வந்துச்சு, 2024ல பிளாஸ்டிக் பாட்டில்ல வர்ற பால், மில்க்‌ஷேக் எல்லாம் சேந்துச்சு. இப்போ ஃபாண்ட் உள்ள பாட்டில்கள்ல 98 சதவீதம் போல திரும்ப வருது.

நம்ம ஊர்லயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு, டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூட வாங்கிட்டு காலி பாட்டில் குடுத்தா திருப்பிக் குடுக்குறது. மலைல காட்டுல உடைஞ்சு கிடக்குற பாட்டில் யானை காலைக் கிழிக்குதுன்னு கேஸ் போய், மெட்ராஸ் ஹைகோர்ட் சொல்லி 2022ல நீலகிரில ஆரம்பிச்சாங்க. 10 ரூபாய் சரியான தொகைதான், நீங்க தூக்கிப்போட்டாலும் குனிஞ்சு எடுக்க இன்னொருத்தர் இருப்பார், அந்த அளவுக்கு காசு இருந்தாத்தான் இது வேலை செய்யும்.

ஆனா இங்க ஜெர்மனில எனக்கு மனசுல உறுத்துற விஷயம் ஒண்ணு இருக்கு. திரும்ப நிரப்புற கண்ணாடி பீர் பாட்டிலுக்கு ஃபாண்ட் 8 சென்ட், திரும்ப நிரப்புற தண்ணி பாட்டிலுக்கு 15 சென்ட், ஒரு தடவை குடிச்சதும் நசுக்கிப் போடுற பாட்டிலுக்குத்தான் 25. இத பாக்குற புதுசா வந்தவங்க 25 சென்ட் பாட்டில்தான் நல்ல பாட்டில்னு நெனச்சிக்கிறாங்க, உண்மை நேர் எதிர். அந்தக் கண்ணாடி பாட்டில் கழுவிக் கழுவி 50 தடவை வரைக்கும் நிரப்பலாம், இன்னொண்ணு உருக்கப் போகுது. திரும்ப நிரப்புறதைக் காப்பாத்தத்தான் இந்த ஃபாண்டையே கொண்டு வந்தாங்க, ஆனா அதோட பங்கு பாதிக்கும் கீழ போயிருச்சு. சட்டத்துல இன்னும் 70 சதவீதம்னு இலக்கு இருக்கு. தூக்க முடிஞ்சா திரும்ப நிரப்புற தண்ணி பாட்டிலை கிரேட்டோட, அதாவது அடுக்கி வச்ச பெட்டியோட வாங்குங்க, ஃபாண்ட் 12 பாட்டிலுக்கு 1,80, காலி கிரேட்டுக்கு 1,50, மொத்தம் 3,30 யூரோ, அதையும் மெஷினுக்கு கீழ இருக்குற பெரிய வழில கிரேட்டோட அப்படியே தள்ளி விட்றலாம்.

இப்போ தலைப்புல சொன்னதுக்கு வர்றேன். நான் இருக்குறது ஸ்டுட்கார்ட் பக்கம். பாட் கான்ஸ்டாட் ஸ்டேடியத்துல ஃபுட்பால் மேட்ச் இருக்குற நாள்ல ரயில்ல இருந்து இறங்கி நடக்குற வழி முழுக்க ரசிகர்கள் கைல பாட்டில், உள்ள கொண்டு போக முடியாது, அதனால குடிச்சு முடிச்சு வழியோரமா வச்சுட்டு போவாங்க. அங்க ஒரு வயசான அம்மாவை அடிக்கடி பாப்பேன், ரெண்டு சக்கர சாமான் வண்டி, ஒரு கைல தடிமனான தோட்ட வேலை கிளவுஸ். எடுக்குற ஒவ்வொரு பாட்டிலையும் கவுத்து மிச்சம் இருக்குறத மரத்தடில ஊத்திட்டு, மூடிய இறுக்கித்தான் பைல போடுவாங்க, ஒழுகினா பையும் வண்டியும் பிசுபிசுன்னு ஆகிரும்ல. கண்ணாடிய தனி பைல, கேனை தனி பைல. சாயங்காலம் ஸ்டேஷன்ல பாத்தா வேற சிலபேர் டார்ச் அடிச்சு குப்பைத்தொட்டிக்குள்ள கைய விட்டு தேடிட்டு இருப்பாங்க, உள்ள உடைஞ்ச கண்ணாடி, ஊசி, அழுகின சாப்பாடு எல்லாம் கிடக்கும். பென்ஷன் பத்தாத பெரியவங்க நிறைய பேர் இதுல இருக்காங்க. அவங்க கைய கிழிச்சுக்கிட்டு எடுக்கிற அந்த 25 சென்டை நாம தொட்டிக்கு வெளிய வச்சா போதும், அவ்வளவு லேசா முடியுற விஷயம் இது. கொலோன்ல ஒரு டிசைனர் குப்பைத்தொட்டிய சுத்தி பாட்டில் நிக்க வைக்கிற வளையமே செஞ்சார், சில ஊர்ல மாட்டியும் இருக்காங்க. எல்லா ஸ்டேஷன்லயும் மாட்டணும், இதுல யோசிக்க என்ன இருக்குன்னு எனக்குத் தெரியல.

இன்னொண்ணு, நம்ம ஆளுங்க விழா நடத்தும்போது மூட்டை மூட்டையா பாட்டில் சேரும். பொங்கலுக்கு ஹால் புக் பண்றவங்க இத இப்பவே குறிச்சு வச்சுக்கோங்க, சாப்பாட்டு மேசை பக்கத்துல ஃபாண்ட் பாட்டிலுக்குன்னு தனியா ரெண்டு பை கட்டி விடுங்க, கிளீனிங்குக்கு நிக்கிற பசங்ககிட்ட சொல்லி வைங்க, முடிஞ்சதும் ஹால் வாசல்லயோ ஸ்டேஷன்லயோ பொறுக்குறவங்க யாராவது இருந்தா அவங்க கைலயே பையோட குடுத்துருங்க. யாரும் இல்லைன்னா மெஷின்ல போட்டு வர்ற காசை நம்ம தமிழ்ச் சங்கத்து நூலகத்துக்கு சேத்துக்கலாம்.