ட்ரக் பெட்டுக்கு சாஃப்ட் கவர்: சுருட்டுறதா, மடிக்கிறதா?

கவர் பாக்குறதுக்கு முன்னாடி டேப் எடுத்து பெட்ட (பிக்கப் ட்ரக் பின்னாடி சாமான் ஏத்துற திறந்த பாகம்) அளந்துருங்க, ஏன்னா ஃபோர்டு எஃப்-150 பிக்கப்லயே 5.5 அடி, 6.5 அடி, 8 அடின்னு மூணு நீளம் இருக்கு, ஒன்னுக்கு வாங்குனது இன்னொன்னுல உக்காராது.

என் ஓட்டு ரோல்-அப்புக்குத்தான், அதாவது சுருட்டுற கவருக்கு. வினைல் ஷீட்ட (பிளாஸ்டிக் விரிப்பு) கேபின் பக்கமா சுருட்டி ஸ்ட்ராப் போட்டா பெட் கிட்டத்தட்ட முழுசா காலி, ஃப்ரிட்ஜ கூட நிக்க வெச்சு ஏத்தலாம். ட்ரை-ஃபோல்டு (மூணா மடிக்கிற கவர்) மாட்ட கழட்ட ஈஸிதான், ஆனா மடிச்ச பாகம் கேபின் ஓரமா உக்காந்துக்கும், அதுக்கு கீழ உயரமா எதுவும் வைக்க முடியாது.

ஸ்னாப் பட்டன் மாடல் மட்டும் வேண்டவே வேண்டாம்ங்க, குளிர்ல வினைல் சுருங்கிரும், இழுத்து மாட்டுறதுக்குள்ள விரல் மரத்துடும் (அமெரிக்காவுல குளிர் அதிகமான மின்னசோட்டா பக்கம் இருக்கறவங்களுக்கு சொல்லவே வேணாம்), அதுக்கு வெல்க்ரோ எவ்வளவோ மேல்.

மழைத்தண்ணி ஒரு சொட்டு உள்ள வராதுன்னு விக்கிறவங்க சொல்லுவாங்க, அதெல்லாம் சும்மா, டெயில்கேட் (பெட்டோட பின்கதவு) இடுக்குல கொஞ்சம் கசியத்தான் செய்யும், ரப்பர் சீல் ஒட்டுனா குறையும். திருட்டுக்கும் இது பூட்டு இல்ல, சின்ன கத்தி போதும் கிழிக்க. விலையான டூல்ஸ் எல்லாம் கேபின்லயே இருக்கட்டும்.