பி.காம். முடித்து சி.ஏ. இன்டர்: ஒர்க்கிங் நோட் (விடைக்கு வந்த கணக்குப் படிகள்) எழுதாதவர்கள் மட்டும் படியுங்கள்

ஆடிட்டராவதற்கான சி.ஏ. படிப்பின் நடுக்கட்டம் இன்டர். அதில் இரண்டு குரூப்பும் தேறிவிட்டது. மார்க் ஒன்றும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனால் போன அட்டெம்ப்டில் குரூப் 1-இல் 58, 44, 43 என்று மூன்று பேப்பரிலும் 40-ஐத் தாண்டியும், கூட்டினால் 145தான் வருகிறது என்று ஃபெயில் போட்டார்களே, அதைப் பார்த்தவனுக்கு இது போதும். அந்த 58 ஒரு 60 ஆகியிருந்தால் எக்ஸெம்ப்ஷனாவது (அந்தப் பேப்பரைத் திரும்ப எழுத வேண்டாம் என்ற விலக்கு) மிஞ்சியிருக்கும். அதுவும் இல்லை. ‘நாற்பது எடுத்தால் பாஸ்’ என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். குரூப்புக்கு 150 என்பதுதான் பாஸ் மார்க். 40 என்பது தாண்டாவிட்டால் வெளியே தள்ளும் கோடு, அவ்வளவுதான்.

நான் கரூர். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். திருச்சியில் ஒரு கல்லூரியில் பி.காம். படித்தேன். அதில் 55 சதவீதத்துக்கு மேல் இருந்ததால் முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக இன்டரில் பதிவு செய்தேன். பிளஸ் டூ முடித்த கையோடு ஃபவுண்டேஷன் எழுதுவதுதான் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். இங்கிலீஷ் மீடியத்தில் படித்து, கணக்கும் சரளமாக வருகிறவர்களுக்குச் சரி. என்னைப் போன்ற நிதானமான ஆளுக்கு, அதிலும் தமிழ் மீடியத்திலிருந்து வருபவருக்கு, டைரக்ட் என்ட்ரியே மேல் என்பது என் கட்சி. தேர்வை இங்கிலீஷில் எழுதலாம், இந்தியில் எழுதலாம், தமிழில் முடியாது. கல்லூரியின் மூன்று வருஷம் அந்த இங்கிலீஷைப் பழகத்தான் எனக்கு உதவியது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஃபெயில் ஆனதும் எல்லோரும் சொன்னது, ‘அடுத்ததைப் பார், நன்றாகப் படி’. ஒருவர்கூட விடைத்தாளை வாங்கிப் பார் என்று சொல்லவில்லை. ரிசல்ட் வந்த 30 நாளுக்குள் பேப்பருக்கு 500 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால் நம் விடைத்தாளின் நகல் வரும். மூன்று பேப்பர், 1,500 ரூபாய். வீட்டில் கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு கோச்சிங் கிளாஸ் பீஸில் அது எத்தனையில் ஒரு பங்கு என்று பாருங்கள்.

நகல் வந்தது. அட்வான்ஸ்டு அக்கவுன்டிங்கில் விடை சரியாக வந்த கணக்குக்குக்கூட முழு மார்க் இல்லை. விடை தப்பாகப் போன ஒரு கணக்குக்கு நல்ல மார்க். திரும்பத் திரும்பப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. தப்பாகப் போனதில் ஒர்க்கிங் நோட்டை ஒழுங்காக எழுதியிருந்தேன். சரியாக வந்ததில் கால்குலேட்டரின் மெமரி பொத்தானான எம்-பிளஸ்ஸிலேயே எல்லாவற்றையும் ஓட்டிவிட்டு, தொகையை மட்டும் தாளில் இறக்கியிருந்தேன். ஒர்க்கிங் நோட் விடையின் ஒரு பகுதி என்று கேள்வித்தாளின் தலைப்பிலேயே அச்சடித்திருக்கிறார்கள். யார் படிக்கிறோம்?

பை-பேக் கணக்கை, அதாவது கம்பெனி தன் பங்குகளைத் தானே எவ்வளவு திரும்ப வாங்கலாம் என்ற கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று சோதனை: பங்கு எண்ணிக்கை, ரிசோர்ஸ் (கம்பெனியின் சொந்தப் பணம்), கடனுக்கும் சொந்தப் பணத்துக்கும் உள்ள விகிதம். பத்து லட்சம் பங்கு இருந்தால் முதல் சோதனையில் 25 சதவீதம், அதாவது 2.5 லட்சம் பங்கு. மூலதனமும் ஃப்ரீ ரிசர்வும் சேர்ந்து 240 லட்சம் என்றால் அதில் 25 சதவீதம் 60 லட்சம். ஒரு பங்கு 30 ரூபாய்க்கு வாங்கினால் 2 லட்சம் பங்கு. மூன்றாவதில் 2:1 என்று வைத்துச் சமன்பாடு போட வேண்டும். அங்கேதான் பாதிப் பேர் வழுக்குவார்கள். மூன்றில் எது குறைவோ அதுதான் விடை. மூன்றாவது தப்பினால் விடையும் தப்பலாம், ஆனால் முதல் இரண்டும் தாளில் தெளிவாக இருந்தால் அவற்றுக்கான மார்க் உங்களுடையது. எம்-பிளஸ்ஸில் போட்டிருந்தால் எல்லாம் காற்றோடு போச்சு.

கன்சாலிடேஷனும் (தாய்க் கம்பெனி, துணைக் கம்பெனி கணக்குகளை ஒன்றாகச் சேர்ப்பது) அப்படியே. பங்கு வீதம், துணைக் கம்பெனியை வாங்கியதற்கு முன், பின் என்று அதன் ரிசர்வைப் பிரிப்பது, மைனாரிட்டி இன்ட்ரஸ்ட் (மற்ற பங்குதாரர்களின் பங்கு), குட்வில். இந்த நான்கு நோட்டும் எண் போட்டு முதலில் வந்துவிட வேண்டும். பேலன்ஸ் ஷீட்டின் இரண்டு பக்கமும் டேலி ஆகவில்லையா, விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். டேலி ஆகாத பேலன்ஸ் ஷீட்டோடு மல்லுக்கட்டுகிற அரை மணி நேரத்தில் இன்னொரு முழுக் கேள்வி போய்விடும்.

அதற்குப் பிறகு நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். வீட்டில் கால்குலேட்டரின் மெமரி பொத்தான்களைத் தொடவே இல்லை. கூட்டல், கழித்தல் எதுவானாலும் தாளில் ஒரு வரி. ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது, வேகமும் குறைந்தது. அப்புறம் தானாக வந்துவிட்டது. உங்களுக்கு இது சரிப்படாமல் போகலாம். எனக்கு இதுதான் வேலை செய்தது, அதனால் இதைத்தான் அழுத்திச் சொல்வேன்.

மற்றவை, வேகமாக:

- எம்.சி.க்யூ. (சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள்) ஒவ்வொரு பேப்பரிலும் 30 மார்க். நெகட்டிவ் இல்லை. ஒன்றைக்கூடக் காலியாக விடாதீர்கள்.
- சட்டத்தில் பிரிவு எண் உறுதியாகத் தெரியாவிட்டால் போடாதீர்கள். ‘கம்பெனிகள் சட்டம் 2013-இன்படி’ என்று எழுதி விதியைச் சொல்லுங்கள். அப்புறம் கேள்வியிலுள்ள விவரம், அப்புறம் முடிவு.
- வரி பேப்பரில் வருமான வரி 50, ஜி.எஸ்.டி. 50. ஜி.எஸ்.டி.யை முதலில் முடியுங்கள். பாடம் சின்னது, மார்க் சமம்.
- சீனியரிடம் பழைய வருமான வரிப் புத்தகம் வாங்காதீர்கள். 1961 சட்டத்தின் இடத்தில் 2025 சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல். பிரிவு எண்களே வேறு. உங்கள் அட்டெம்ப்டுக்கு எது பொருந்தும் என்று சி.ஏ. இன்ஸ்டிட்யூட் அறிவிப்பைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.
- ஆர்.டி.பி.யை (இன்ஸ்டிட்யூட் ஒவ்வொரு தேர்வுக்கும் வெளியிடும் ரிவிஷன் டெஸ்ட் பேப்பர்) கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள்.
- ஆடிட் மனப்பாடம் இல்லை என்பார்கள். மனப்பாடம்தான்.

பி.காம். வீணா என்று தங்கச்சியின் தோழிகள் கேட்கிறார்கள். வீணில்லை, ஆனால் அது மட்டும் போதாது. கல்லூரியில் ஃபார்மட் போட்டாலே மார்க் வரும். ஐந்து வருஷக் கேள்வித்தாளைப் புரட்டினால் செமஸ்டர் முடிந்தது. அந்தப் பழக்கத்தோடு இன்டருக்கு வந்தால் அடி விழும். இன்னொன்று: சேரும்போது கோர்ஸ் பெயரைப் பாருங்கள். பி.காம். (சி.ஏ.) என்றால் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன். என் சித்தப்பா ஒருவர் மகனை அதில் சேர்த்துவிட்டு, பையன் ஆடிட்டருக்குப் படிக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலை விஷயம். கரூரில் ஜவுளி ஏற்றுமதி ஆபீஸ் எதிலும் ஒரு அக்கவுன்டன்ட் இருப்பார். மாதம் 7-ஆம் தேதி டி.டி.எஸ். (பிடித்த வரியைக் கட்டுவது), 11-ஆம் தேதி விற்பனைக்கான ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ஆம் தேதி வரி கட்டும் ரிட்டர்னான 3பி. நடுவில் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரை 2பி-யோடு (சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் ஜி.எஸ்.டி. பட்டியல்) ஒப்பிட்டு, எந்த சப்ளையர் பில்லை ஏற்றவில்லை என்று போன் போட்டுத் திட்டுவது. பி.காம்.மும் டேலி சாஃப்ட்வேரும் தெரிந்திருந்தால் இந்த வேலை கிடைக்கும். சம்பளம் மெதுவாகத்தான் ஏறும். ஆனால் இதைக் கேவலமாக நினைக்காதீர்கள். லீவில் இந்த வேலை பார்த்ததால்தான் ஜி.எஸ்.டி. பேப்பர் எனக்குப் பயமாக இல்லை. பி.காம். முடித்தவர்கள் ஜி.எஸ்.டி. பிராக்டிஷனராகவும் பதிவு செய்யலாம். கம்பெனிக் கணக்கில் ஆடிட்டராகக் கையெழுத்துப் போடுவது மட்டும் முடியாது, அதற்கு சி.ஏ. வேண்டும். காஸ்ட் ஆடிட்டுக்கு (உற்பத்திச் செலவுக் கணக்கின் தணிக்கை) சி.எம்.ஏ. வேண்டும். ஏ.சி.சி.ஏ. என்பது பிரிட்டிஷ் கணக்குப் படிப்பு, 13 பேப்பர், சென்னை, பெங்களூரில் வெளிநாட்டுக் கம்பெனிகளின் கணக்கைப் பார்க்கும் ஆபீஸ்களில் மதிப்பு உண்டு. அதை வைத்து இங்கே ஆடிட் கையெழுத்து போட முடியாது என்பதைச் சேரும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

அரசு வேலைதான் வேண்டுமென்றால் மத்திய அரசு வேலைகளுக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வு எழுதுங்கள், ஆடிட்டர், வருமான வரி இன்ஸ்பெக்டர் பதவிகள் அதில் உண்டு. அதை சி.ஏ.வோடு சேர்த்துப் படிக்கலாம் என்பவர்களை நான் நம்பவில்லை. கிடைத்தவர்கள் இருக்கலாம். என்னால் ஆகாது.

ஆர்ட்டிகிள்ஷிப் (ஆடிட்டரிடம் பெறும் கட்டாயப் பயிற்சி) இப்போது 2 வருஷம், இரண்டு குரூப்பும் முடித்த பிறகுதான். திருச்சியில் ஒரு ஆடிட்டரைப் பார்க்கப் போனேன். மார்க் ஷீட்டைப் பார்க்கவில்லை. ஒரு பழைய ஃபைலைக் கொடுத்து, இதில் என்ன வேலை நடந்திருக்கிறது என்று சொல் என்றார். ஆடிட் ஆவணங்களுக்கான தரநிலையான எஸ்.ஏ. 230 கேட்பதும் அதைத்தான்: அந்த ஆடிட்டில் சம்பந்தமே இல்லாத, அனுபவமுள்ள ஒரு ஆடிட்டர் ஃபைலைத் திறந்தால் என்ன செய்தார்கள், ஏன் அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று புரிய வேண்டும். பரீட்சையில் நான் அழுது பழகிய அதே ஒர்க்கிங் நோட், இங்கே சம்பளம் கொடுத்துக் கேட்கிறார்கள். பயிற்சிக்குத் தரும் ஸ்டைபெண்டைச் சம்பளம் என்று சொல்லலாமா தெரியவில்லை, போகட்டும்.

ஆடிட்டர் ஆபீஸில் சேரும் முன் கேட்க வேண்டியவை: ஆடிட் எவ்வளவு, ரிட்டர்ன் ஃபைலிங் எவ்வளவு? மார்ச் 31-இல் ஸ்டாக் எண்ண குடோனுக்கு அனுப்புவார்களா? செப்டம்பரில் ராத்திரி எத்தனை மணி வரை? லீவு? பழையபடி பரீட்சைக்கென்று மாதக்கணக்கில் விடுப்பு கிடையாது. ட்ரெய்னிங் முடிந்து 6 மாதம் கழித்துத்தான் கடைசிக் கட்டமான ஃபைனல். அதனால் பெரிய பெயருள்ள ஆபீஸா, சின்ன ஆபீஸா என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல், யார் ஃபைலை உங்கள் கையில் கொடுப்பார்கள் என்று பாருங்கள். நான் அந்த ஆடிட்டரிடமே சேர்கிறேன். அதற்கு முன் ஐ.சி.ஐ.டி.எஸ்.எஸ். (பயிற்சிக்கு முன் முடிக்க வேண்டிய கம்ப்யூட்டர், சாஃப்ட் ஸ்கில் வகுப்பு) பாக்கி இருக்கிறது, பேட்சில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது, ரிசல்ட் வந்தவர்கள் இந்த வாரமே பதிவு செய்யுங்கள்.