சிப்பாங்கிலிருந்து லண்டனுக்கு எத்தனை கிலோமீட்டர்?

லண்டனுக்குப் படிக்கப் போகும் அக்காள் மகள், கோலாலம்பூருக்கு அருகிலுள்ள சிப்பாங் விமான நிலையத்திலிருந்து லண்டனின் ஹீத்ரோ விமான நிலையம் எவ்வளவு தூரம் என்று கேட்டபோது, சுவரில் தொங்கும் உலகப்படத்தில் அளவுகோலை வைத்துவிடாதே என்றுதான் முதலில் சொன்னேன். உருண்டையான பூமியைத் தட்டையாக விரித்துக் காட்டும் மெர்காட்டர் படத்தில் நேராகத் தெரியும் கோட்டின் வழியே பறந்தால் ஏறக்குறைய 11,050 கிலோமீட்டர் ஆகும். உருண்டையான பூமியின் மீது மிகக் குறுகிய வழியான பெருவட்டப் பாதையோ 10,600 தான்.

இரு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கோள முக்கோணவியல் சூத்திரத்தில் இட்டால், பூமியின் மையத்தில் அவற்றுக்கு இடையிலான கோணம் சுமார் 95.4 பாகை என வரும். ஒரு பாகைக்கு 60 கடல்மைல், ஒரு கடல்மைலுக்கு 1.852 கிலோமீட்டர், பெருக்கிப் பார்க்கக் கைப்பேசியே போதும். காற்றையும் வான்வெளித் தடைகளையும் பொறுத்து விமானம் உண்மையில் பறக்கும் தூரம் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.