636601-ஐ உடைத்த கதை

போன மழைக்காலத்தில் ஏற்காட்டில் நாலு நாள் தங்கியிருந்தோம். இரண்டாம் நாளே கரண்ட் போய்விட்டது, போனிலும் சார்ஜ் இல்லை. ஆறாவது படிக்கிற மகள், காரணிச் செடி (ஒரு எண்ணைப் பகா எண்களின் பெருக்கலாக உடைத்துக் காட்டும் படம்) போட்டுப் பார்க்கப் பெரிய எண்ணாக ஒன்று கேட்டாள். சுவரில் தொங்கிய காலண்டரின் அடியில் ஏதோ கடை முகவரி, அதில் பின்கோடு 636601. "இதை உடை பார்க்கலாம்" என்றேன்.

2, 5 கிடையாது. இலக்கங்களைக் கூட்டினால் 22, அதனால் 3-ம் கிடையாது. 7-ல் மீதியில்லாமல் போனது, ஈவு 90943. அங்கேதான் மாட்டிக்கொண்டோம். 301-ன் வர்க்கம் 90601, 302-ன் வர்க்கம் 91204. 90943 இரண்டு எண்களின் பெருக்கலாக உடைந்தால், அதில் சின்னது 301-ஐத் தாண்டாது. ஆக 301 வரைக்கும் உள்ள பகா எண்களைப் பார்த்தால் போதும். போதும்தான், ஆனால் மொத்தம் 62 இருக்கின்றன! 23-க்கு மீதி 1 வந்தபோதும், 29-க்கு மீதி 28 வந்தபோதும் "அய்யோ" என்றாள். பாதியில் அவள் தூங்கிவிட்டாள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நான் 293 வரைக்கும் போய், '90943 பகா எண்' என்று எழுதிக் கீழே கோடும் போட்டுவிட்டுப் படுத்தேன்.

ஊர் திரும்பும்போது பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே, நோட்டைப் புரட்டிக்கொண்டு வந்தவள் கேட்டாள்: "அப்பா, 199-ஆல வகுத்து மீதி 199-ன்னு போட்டிருக்கீங்க. வகுக்கிற எண்ணே எப்படிப்பா மீதியா வரும்?"

வாங்கிப் பார்த்தேன். 909-ல் 4 தடவை, மீதி 113. நாலை இறக்கினால் 1134, அதில் 5 தடவை, மீதி 139. மூன்றை இறக்கினால் 1393. அங்கே 7 போட வேண்டிய இடத்தில் 6 போட்டிருக்கிறேன். என் கையெழுத்துதான், அவள் தலையில் கட்ட வழியில்லை. ஈவு 457. அதுவும் பகா எண்தானா என்று 19 வரைக்கும் வகுத்துப் பார்த்து முடிப்பதற்குள் அடிவாரம் வந்துவிட்டது.

636601 = 7 × 199 × 457. இப்படி வெவ்வேறான மூன்று பகா எண்களின் பெருக்கலாக வருவதை ஸ்பீனிக் எண் என்பார்கள். கிரேக்கத்தில் ஸ்பீன் என்றால் ஆப்பு. எனக்கு வைத்ததும் அதுதான். இந்த ரகத்தில் சின்னது 30. நம் பக்கத்து ஈரோட்டில் பிறந்த ராமானுஜனின் 1729-ம் இதே ரகம்தான், 7 × 13 × 19. அதுவும் 7-ல்தான் தொடங்குகிறது என்பதில் அவளுக்குத் தனிப் பெருமை.

உடைந்த பிறகு மற்றதெல்லாம் மளமளவென்று வந்தது. அதை மீதியில்லாமல் வகுக்கிற எண்கள், அதாவது வகுத்திகள், எட்டு. ஒவ்வொரு பகா எண்ணோடும் 1 கூட்டிப் பெருக்கினால், 8 × 200 × 458, அவற்றின் கூடுதல் 732800. அதில் 636601-ஐக் கழித்தால் மிஞ்சுவது 96199 தான். எண்ணுக்குச் சமமாக வந்திருந்தால் செவ்விய எண். இது அதற்கு வெகுதூரம் கீழே. இரண்டு வர்க்கங்களின் கூடுதலாகவும் இதை எழுத முடியாது. 4-ஆல் வகுத்தால் 3 மிஞ்சுகிற 7 ஒரே ஒரு தடவை வந்து அதைக் கெடுத்துவிடுகிறது.

இப்போது சேலத்து 636001-ஐப் பிடித்திருக்கிறாள். 7, 13, 29 மூன்றுக்குமே மீதி 2 வருகிறதாம். நோட்டை என்னிடம் கொடுக்க மாட்டேன் என்கிறாள்.