மாமாவின் ஹார்ட் டிஸ்க்

2024 ஆகஸ்ட் 3, சனி

மாமாவின் கம்ப்யூட்டர் கொழும்பில் பம்பலப்பிட்டிக் கடை ஒன்றிலிருந்து திருத்தப்பட்டு வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்திருக்கிறது. நல்ல வேகம். ஆனால் வெளி ஹார்ட் டிஸ்கைச் செருகினால் பாஸ்வேர்ட் கேட்கிறது. இத்தனை வருஷமும் கேட்டதேயில்லை என்று மாமி சத்தியம் பண்ணாத குறை.

உள்ளே இருப்பது யாழ்ப்பாணத்துக் காணி உறுதியின், அதாவது காணிப் பத்திரத்தின், ஸ்கேன். மூல உறுதி 1995 இடப்பெயர்வில் போய்விட்டது. மிஞ்சியிருந்த போட்டோ பிரதியைக் கறையான் முடித்தது. இப்போது ரொறொன்ரோவிலிருந்து மச்சான் காணிப் பேச்சை எடுத்திருக்கிறார்.

மாமாவுக்குக் கண் ஒப்பரேஷன் முடிந்த கிழமை. திரையைப் பார்க்கக் கூடாது. அதனால் நான்தான் அடித்துப் பார்த்தேன்.

"பாஸ்வேர்ட் மறந்துபோச்சோ மாமா?"

"மறக்கேல்லை பிள்ளை. எங்கட காணிப் பேர்தான். இதுக்குத்தான் விளங்கேல்லை."

யாழ்ப்பாணத்துக் காணிகளுக்கு ஆட்களைப்போலப் பெயர் உண்டு; உறுதியிலும் அந்தப் பெயரோடுதான் எழுதுவார்கள். ஆங்கில எழுத்தில் அதை எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் அடித்தேன். இப்போது பொதுவாகப் பாவிக்கும் யுனிகோட் தமிழிலும் அடித்தேன். அசையவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இது லினக்ஸ் இயங்குதளத்தில் லக்ஸ் என்ற குறியாக்க முறையில் பூட்டிய டிஸ்க். 2014இல் யாரோ ஒரு நண்பர் செய்து கொடுத்தாராம். லக்ஸைக் கையாளும் கிரிப்ட்செட்டப் கட்டளையால் டிஸ்கின் தலைப்பகுதியை, அதாவது பூட்டு விபரம் இருக்கும் தொடக்கத்தை, படித்தேன்: லக்ஸின் முதல் பதிப்பு, எட்டு சாவி இடங்களில் ஒன்றுதான் பாவனையில். அதாவது திறக்க ஒரே வழி. நாம் கொடுக்கும் பாஸ்வேர்ட் கோப்புகளை நேராகப் பூட்டுவதில்லை. டிஸ்கைப் பூட்டியிருக்கும் பெரிய சாவி ஒன்று தலைப்பகுதியிலேயே இருக்கிறது. பாஸ்வேர்ட் திறப்பது அதை மட்டும். அதனால் ஒரு டிஸ்குக்கு எட்டு பாஸ்வேர்ட் வரை வைக்கலாம். யாரும் வைப்பதில்லை.

முன்பு ஏன் கேட்கவில்லை என்பதும் புரிந்தது. முதல் தடவை அடித்தபோது 'எப்போதும் நினைவில் வை' என்பதைத் தெரிவு செய்திருப்பார். அப்போது பாஸ்வேர்ட் கம்ப்யூட்டரிலுள்ள கீரிங் என்ற பெட்டகத்துக்குள் போய்விடும். லொகின் பண்ணும்போது பெட்டகமும் தானாகத் திறக்கும். கடைக்காரர் முழுவதையும் அழித்துப் உபுண்டு என்ற லினக்ஸைப் புதிதாகப் போட்டதில் அந்தப் பெட்டகம் போயே போய்விட்டது. கேட்டதற்கு, டொக்கியூமென்ட்ஸ் ஃபோல்டரைக் கொப்பி பண்ணிவைத்துத்தானே அழித்தோம் என்கிறார்கள். வெளி டிஸ்கையும் கொண்டுவாருங்கள், போர்மட் பண்ணித் தருகிறோம் என்று வேறு சொன்னார்கள்! நல்லகாலம், மாமி டிஸ்கை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

ஆகஸ்ட் 7, புதன்

கந்தோரில் ஒருவர், இதை உடைக்க மென்பொருள் இருக்கிறதே என்றார். இருக்கிறது. பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கும் ஹாஷ்கேட் என்ற மென்பொருளுக்கு லக்ஸும் தெரியும். ஆனால் பாஸ்வேர்டைச் சாவியாக்கும் கணக்கை லக்ஸ் வேண்டுமென்றே பல்லாயிரம் தடவை சுற்ற வைக்கிறது. நமக்கு அது ஒரு கணம். கோடிக்கணக்கில் ஊகிக்கப் புறப்படுபவருக்கு ஆயுள் போதாது. ஊகப் பட்டியல் சின்னதாக இருந்தால்தான் பயன், அந்தச் சின்னப் பட்டியலோ மாமாவின் தலைக்குள் இருக்கிறது. அவரிடம் கேட்டால் மறுபடி அதே பதில். மறக்கேல்லையாம்.

ஆகஸ்ட் 10, சனி

திறந்துவிட்டது!

மாமாவுக்கு டாக்டர் திரை பார்க்க அனுமதி கொடுத்துவிட்டார். கடையில் கொப்பி பண்ணிய பழைய கட்டுரை ஒன்றைத் திறந்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. கோப்பு பழுது என்று சொல்ல வாயெடுத்தேன். மாமா அதைக் கடகடவென்று தமிழில் வாசிக்கத் தொடங்கினார்.

பாமினி! பத்திரிகையில் அவர் வேலை செய்த காலமெல்லாம் பாமினி எழுத்துருதான். அதில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்து. எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டும். 'அம்மா' என்று வர எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்ட வேண்டும். 'கு' என்றால் ஷிஃப்டோடு எஃப். 'கொ'வுக்குக் கொம்பு முதலில், க பிறகு, கால் கடைசியில். புது உபுண்டுவில் அந்த எழுத்துரு இல்லாததால் உள்ளே இருப்பது அப்படியே வெளியே தெரிகிறது.

பாஸ்வேர்ட் பெட்டியில் எழுத்து தெரியாது, வெறும் புள்ளிகள்தான். 2014இல் விரல் பழகிய வழியில் காணிப் பெயரைத் தட்டியிருக்கிறார். நான் எந்த ஆங்கில எழுத்துக்கூட்டலில் அடித்தாலும் அது எப்படிப் பொருந்தும்?

"மாமா, பேரைச் சொல்லாதேங்கோ. கந்தோரில அடிச்ச மாதிரி அடியுங்கோ."

கண்ணை மூடிக்கொண்டே அடித்தார். டிஸ்க் திறந்தது. "நான் மறக்கேல்லை எண்டு எத்தினை தரம் சொன்னனான்" என்று அவர் தொடங்க, மாமி எழுந்து பிளேன்டி போடப் போனார். இன்று இந்தப் பேச்சு அடங்காது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இரண்டாவது சாவி இடத்தில் இன்னொரு பாஸ்வேர்ட் சேர்த்தேன். அதைத் தாளில் எழுதி மாமி அலுமாரியில் வைத்தார். தலைப்பகுதியையும் ஒரு பென் டிரைவில் நகலெடுத்தேன். இரண்டு எம்பி கூட இல்லையென்று அலட்சியம் பண்ண முடியாது. அது பழுதானால் சரியான பாஸ்வேர்ட் இருந்தும் பயனில்லை. பாமினியையும் நிறுவிக் கொடுத்தாயிற்று.

ஸ்கேனை மச்சானுக்கு அனுப்பினோம். காணி அலுவலுக்கு ஸ்கேன் மட்டும் செல்லாது. ஆனால் உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் மூன்றும் அதில் தெளிவாக இருக்கின்றன. நொத்தாரிசு எழுதும் உறுதியின் ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போகும்போது அங்கே அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பம் கொடுக்கலாம் என்று மாமா சொல்கிறார்.