தூத்துக்குடி ஹார்பர் நாட்குறிப்பு

3 நவம்பர் 2025

கரூரிலிருந்து வந்த நாற்பதடிக் கன்டெய்னர் பெட்டிக்கு கட் ஆஃப் நேரம், அதாவது துறைமுகத்தில் பெட்டியை ஒப்படைக்க வேண்டிய கெடு, தவறிவிட்டது. எட்டயபுரம் தாண்டி டிரெய்லர் டயர் வெடித்ததாம். உள்ளே ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய மேசைவிரிப்புகள். "ரெண்டு மணி நேரம்தானே சார் லேட்டு?" என்று போனில் கேட்டார் சரக்குக்காரர். அவர் கேட்டதும் நியாயம்தான். ஆனால் இங்கே பெட்டி ஏறுவது பெரும்பாலும் ஃபீடர் எனும் சிறிய இணைப்புக் கப்பலில். அது கொழும்பில் இறக்கிவிட, அங்கிருந்து தாய்க்கப்பல் எனும் பெரிய கப்பல் எடுத்துப் போகும். ஃபீடரை விட்டால் தாய்க்கப்பலும் போச்சு. அந்த மார்க்கத்தில் அடுத்த கப்பலுக்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும்.

தாய்க்கப்பல் நேராக இங்கே வராததற்கு முதல் காரணம் ஆழம். கொழும்பின் தெற்கு முனையத்தில் 18 மீட்டர் இருக்கிறது, நம்மிடம் அவ்வளவு இல்லை. கொழும்புக்கும் அது பிறவியில் வந்ததில்லை. ஒரு காலத்தில் நீராவிக் கப்பல்கள் நின்று போனது இலங்கையின் தெற்கே காலி என்ற ஊரின் துறைமுகத்தில். 1875இல் கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்குக் கல் வைத்தார்கள். சுவர் எழ எழ, காலி ஓய்ந்தது.

6 நவம்பர்

ஒரு கையெழுத்துக்காகப் பழைய துறைமுகம் வரை போனேன். மாலத்தீவுக்குப் போகும் தோணியில் வெங்காய மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. முன்பு தண்டலாக, அதாவது தோணித் தலைவராக, இருந்த பெரியவர் ஒருவர் நிழலில் உட்கார்ந்திருந்தார். "அண்ணாச்சி, அந்தக் காலத்தில் இங்கே கப்பல் எங்கே நிற்கும்?" என்றேன். கடலைக் காட்டினார். "கரைக்கே வராது தம்பி. நாங்கதான் போய் எடுத்துட்டு வரணும்."

கரையோரம் ஆழமில்லாததால் கப்பல்கள் சில மைல் தள்ளியே நங்கூரம் போடும். பஞ்சுப் பொதியோ உப்போ, எதுவானாலும் தோணியில் ஏற்றி, நடுக்கடலில் கப்பலுக்கு மாற்ற வேண்டும். ஒரே சரக்குக்கு இரண்டு தடவை கூலி. காற்று ஓங்கினால் அதுவும் நிற்கும். பிறகு கடலுக்குள் ஏறக்குறைய நாலு கிலோமீட்டருக்கு இரண்டு வரிசையாகக் கல்லைக் கொட்டி, நடுவே புதுத் துறைமுகத்தைக் கட்டினார்கள். 1974 ஜூலையில் அது பெருந்துறைமுகமானது. அப்புறம் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "மாலே பக்கம் போயிட்டோம்" என்றார். அதற்கு மேல் பேச்சை வளர்க்க அவருக்கு விருப்பமில்லை.

9 நவம்பர், ஞாயிறு

மச்சானின் பைக்கில் கொற்கை. பாண்டியர் முத்துத் துறைமுகத்தைச் சுற்றி இப்போது வாழையும் வயலும்தான். கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் துறையை மூட, வியாபாரம் பக்கத்திலிருந்த காயல் துறைமுகத்துக்கு நகர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ பார்த்தது அந்தக் காயலைத்தான். அரபுக் குதிரைகள் வந்து இறங்கிய இடம். அதுவும் மண்மூடியது. போர்ச்சுகீசியர் காலத்தில் தூத்துக்குடி எழுந்தது. மச்சானுக்கு இதிலெல்லாம் ஆர்வமில்லை, வெயிலைத் திட்டிக்கொண்டே வந்தான்.

12 நவம்பர்

கரூர் பெட்டி ஏறிவிட்டது.

சாயங்காலம் ஸ்டேஷன் பக்கம் போனேன். இந்த ஊருக்கு ரயில் வந்தது 1876இல். கரிசல்காட்டுப் பஞ்சு அதில் வந்தது. கொழும்புக்குப் போகிறவர்களும் இங்கே ரயிலை விட்டு இறங்கித்தான் கப்பல் ஏறினார்கள். அந்தத் தடத்துக்காகத்தான் வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ கப்பல்களை ஓட்டினார். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் இலங்கைக் கப்பலைப் பிடிக்க ஓடிய போட் மெயில் ரயில் தனுஷ்கோடிக்குப் போனது. தூத்துக்குடிக் கடல் அப்படியேதான் இருந்தது, தண்டவாளம் வேறு பக்கம் திரும்பியதில் பயணிகளும் திரும்பிவிட்டார்கள்.

15 நவம்பர்

ஆபீஸில் கேரளத்து விழிஞ்ஞம் பற்றிப் பேச்சு. மே மாதம் பிரதமர் வந்து நாட்டுக்கு அர்ப்பணித்த துறைமுகம். கரையை ஒட்டியே இயற்கையான ஆழம், மிகப் பெரிய கப்பல்களும் வருகின்றன. "இனி நம்ம பிழைப்பு என்னாகும்?" என்று கேட்டான் புதுப் பையன். கொழும்புக்குத்தான் முதல் தலைவலி என்று நினைக்கிறேன். கப்பலிலிருந்து கப்பலுக்குப் பெட்டி மாற்ற ஆழம் போதும். கரூர், திருப்பூர் சரக்கு நேராக அங்கே போக வேண்டுமென்றால் ரயில் வேண்டும். பாலராமபுரத்திலிருந்து வர வேண்டிய ரயில்பாதையோ பெரும்பாலும் சுரங்கம், அது இன்னும் முடியவில்லை. அதுவரை மதுரை சாலையில் டிரெய்லர் ஓடும். திங்கட்கிழமைக்கு மூன்று பெட்டி இருக்கிறது. இந்தத் தடவை ஒருநாள் முன்னதாகவே கிளம்பச் சொல்லியிருக்கிறேன்.